பொதிக்குள் முதலில் கடதாசி

வணக்கம் அக்கா,

மட்டக்களப்பு தாண்டவன்வெளியில் இருந்து எழுதுகிறேன். என் மூத்த மகள் 2023இல் இங்கிலாந்துக்குப் போனவள். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. மருமகனும் கூடத்தான், ஒரு பண்டகசாலையில் இரவு வேலை செய்கிறார். மகளுக்கு இப்போது ஐந்தரை மாதம். ஜனவரி 15 என்று நாள் கொடுத்திருக்கிறார்கள். ஆயித்தியமலை மாதாவிடம் நேர்ந்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

முதல் பிள்ளை, பக்கத்தில் நம் ஆட்கள் ஒருவரும் இல்லை. மிட்வைஃப் இதுவரை மூன்றே தரம்தான் பார்த்தாவாம். இங்கே என்றால் குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கே வருவா. பிள்ளை பெற்றவளுக்குக் கறியில் போடும் சரக்குத் தூள் இடித்து, சுறாக் கருவாடும் கட்டி அனுப்பலாமா? பிள்ளைக்கு எந்த நாட்டுப் பிரஜாவுரிமை? நாங்கள் கத்தோலிக்கர், கல்யாணமும் நம் கோயிலில்தான் நடந்தது. மருமகன் கல்லாற்று மெதடிஸ்ட் குடும்பம். பிள்ளையை ஊருக்குக் கொண்டுவந்து தங்கள் கோயிலில் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்று சம்மந்தி வீட்டார் சொல்கிறார்கள். நான் போவதென்றால் எப்போது போவது நல்லது?

ஒரு தாய், தாண்டவன்வெளி

*

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று தரம் என்பது அங்கே குறைவல்ல. தலைப்பிள்ளைக்காரிக்கு மொத்தமே பத்துத் தடவை அளவில்தான் மிட்வைஃபைச் சந்திக்க வரும். 16ஆம் வாரம் பார்த்தால் அடுத்தது 25ஆம் வாரம். வீட்டுக்கு வருவது பிள்ளை பிறந்த பிறகுதான். இடையில் ஏதும் என்றால் மகள்தான் கூப்பிட வேண்டும், யாரும் தேடிவந்து கேட்கமாட்டார்கள். நம் பிள்ளைகள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். "வேலையில் இருப்பார்கள், கரைச்சல் கொடுக்கக் கூடாது" என்று பேசாமல் இருந்துவிடுவார்கள்.

ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிவையுங்கள். பிள்ளையின் துடிப்பு வழமையைவிடக் குறைந்தால், குளிர்ந்த தண்ணீர் குடித்துப் பார்ப்போம், அவர் வேலையால் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மகப்பேற்றுப் பிரிவின் இலக்கம் அவளுடைய பதிவில் இருக்கும். இரவு இரண்டு மணியானாலும் உடனே எடுக்க வேண்டும். வயிற்றுநோவையும் பயத்தையும் ஆங்கிலத்தில் சொல்ல வராவிட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். அதற்குக் காசு இல்லை.

அடுத்தது வேலை. உங்கள் கடிதத்தில் இல்லாவிட்டாலும் இதுதான் இப்போது அவசரம். முதியோர் இல்ல வேலை என்றால் ஆட்களைத் தூக்கிப் புரட்டும் வேலை. தான் கர்ப்பிணி என்று அவள் எழுத்தில் அறிவித்தால், ஆபத்தான வேலைகளை ஆராய்ந்து மாற்றிக்கொடுப்பது முதலாளியின் சட்டக் கடமை. வாயால் சொன்னது போதாது. கிளினிக்குக்குப் போகும் நேரத்துக்குச் சம்பளம் வெட்டவும் முடியாது.

பிரசவகாலச் சம்பளம் 39 வாரம் கிடைக்கும். முதல் 6 வாரம் அவளது சராசரிச் சம்பளத்தின் 90 வீதம், பிறகு அரசு வைத்த ஒரு தொகை. அந்தச் சராசரியைக் கணக்கிடுவது ஏறத்தாழ 17ஆம் வாரத்துக்கும் 25ஆம் வாரத்துக்கும் இடைப்பட்ட எட்டு வாரச் சம்பளத்தை வைத்து. ஜனவரி 15 என்றால் அந்த எட்டு வாரம் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. ஒக்டோபர் முதல் வாரத்தோடு முடியும். களைப்பாக இருக்கிறது என்று இந்த நாள்களில் சம்பளமில்லா லீவு எடுத்தால், பிள்ளை பிறந்த பிறகு கைக்கு வரும் காசு குறையும். ஓய்வு தேவை என்றால் சம்பளத்தோடு கூடிய ஆண்டு லீவை எடுக்கச் சொல்லுங்கள். பிள்ளை பிறக்கும் நாளை உறுதிப்படுத்தி மிட்வைஃப் தரும் 'மாட் பி1' படிவத்தை வாங்கி, எப்போது லீவு தொடங்குகிறாள் என்பதையும் அதே ஒக்டோபர் முதல் வாரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். பிரசவ லீவால் விசா போய்விடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். சம்பளமில்லாமல் நான்கு வாரத்துக்கு மேல் நின்றால் சிக்கல் என்ற விதி இருப்பது உண்மை, ஆனால் பிரசவ லீவுக்கு அது பொருந்தாது.

இன்னொரு பொறி, பிள்ளைப் பணம். "எல்லாரும் எடுக்கிறார்கள், நீயும் போடு" என்று அங்குள்ள நம் ஆட்களே சொல்வார்கள். மகளின் விசாவில் 'அரச நிதி பெற முடியாது' என்று எழுதியிருந்தால் அதற்கு விண்ணப்பிக்கக் கூடாது. அடுத்த விசாவுக்கே அது தடையாகலாம். பிரசவகாலச் சம்பளம் அந்த அரச நிதிக் கணக்கில் சேராது, அதைப் பயமில்லாமல் வாங்கலாம்.

இனிப் பிரஜாவுரிமை. அங்கே பிறந்தாலே அந்த நாட்டுப் பிள்ளை என்று நம் ஊரில் இன்னும் நம்புகிறார்கள். 1983க்குப் பிறகு அப்படி இல்லை. தாய் தகப்பன் இருவரும் தற்காலிக விசாவில் இருந்தால் பிள்ளை பிரித்தானியப் பிரஜை ஆகாது. ஆகவே இலங்கைப் பதிவுதான் அந்தப் பிள்ளையின் ஒரே நாட்டுரிமை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டப்படி, பிறந்து ஒரு வருடத்துக்குள் அந்த நாட்டிலுள்ள நம் தூதரகத்தில், அதாவது லண்டன் உயர் ஸ்தானிகராலயத்தில், பிறப்பைப் பதிய வேண்டும். தகப்பன் வழியால் மட்டுமல்லாமல் தாய் வழியாலும் உரிமை உண்டு என்பது 2003இல் வந்த திருத்தம். ஒரு வருடம் தப்பினால் அனுமதி கேட்டு, தண்டம் கட்டி அலைய வேண்டிவரும்.

இதற்கு முன் அந்த ஊர்ப் பதிவு. இங்கிலாந்தில் 42 நாளுக்குள் முடிக்க வேண்டும். இங்கேதான் பெயர் பிழைக்கிறது. நம் வழக்கில் தகப்பன் பெயர் முன்னால், பிள்ளை பெயர் பின்னால். அங்கே கடைசியில் நிற்பதுதான் குடும்பப்பெயர். சொல்லும் ஒழுங்கிலேயே எழுதினால் பிள்ளையின் சொந்தப் பெயர் குடும்பப்பெயராகிவிடும், தகப்பனின் பெயரால் பள்ளிக்கூடத்தில் கூப்பிடுவார்கள். எது முதற்பெயர், எது குடும்பப்பெயர் என்று தாளில் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டு போகட்டும். கையொப்பம் வைக்கமுன் ஒவ்வொரு எழுத்தாக வாசிக்க வேண்டும். பிறகு திருத்துவதற்குக் காசும் போகும், மாதங்களும் போகும்.

இப்போது நீங்கள் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். பொதியில் சரக்குக்கு முன்னால் போகவேண்டியது கடதாசிகள். பிறப்பும் திருமணமும் எந்தப் பிரதேச செயலகப் பிரிவில் பதியப்பட்டதோ அங்கே போய், மகள், மருமகன் இருவரின் பிறப்புச் சான்றிதழையும் திருமணப் பதிவுச் சான்றிதழையும் புதிதாகப் பிரதி எடுங்கள். உங்கள் பகுதிக்கு மண்முனை வடக்கு. கோயிலில் தந்த திருமணச் சான்றிதழ் இதற்குச் செல்லாது, பதிவாளருடையதுதான் வேண்டும். மூன்றையும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போது இருவரின் கடவுச்சீட்டுப் பிரதியையும் சேர்த்துக் கொடுங்கள். 'ஜெயா' என்பதை ஒருவர் ஜேக்குப் பின் 'ஈ' போட்டு எழுதுவார், இன்னொருவர் 'ஏ' போடுவார். கடவுச்சீட்டில் உள்ள எழுத்துத்தான் மொழிபெயர்ப்பிலும் வர வேண்டும். அந்த ஓர் எழுத்துக்காகத் திருப்பி அனுப்பப்பட்ட விண்ணப்பங்கள் உண்டு.

பிள்ளைக்கு இலங்கைக் கடவுச்சீட்டு கிடைத்ததும் அங்கே அதற்கு விசா எடுக்க வேண்டும். விசாக்காரரின் பிள்ளைக்கு முதல் மூன்று மாதம் வைத்தியச் செலவு இல்லை, அதற்குள் போட்டுவிடுவது நல்லது. விசா இல்லாமல் ஊருக்குக் கொண்டுவந்தால் திரும்பிப் போகும்போது பிள்ளை இங்கே நின்றுவிடும். சம்மந்தி வீட்டாருக்கு இதை முதலில் சொல்லுங்கள்.

சரக்குக்கு வருவோம். காய்ந்த தூளாகக் கொண்டுபோகலாம். மல்லி 250 கிராம், மிளகு 50, நற்சீரகம் 50, வேர்க்கொம்பு 25, மஞ்சள் 25. மொத்தம் 400 கிராம். ஒரு நாளைக்குப் பத்துக் கிராம், அதாவது குவித்து இரண்டு தேக்கரண்டி என்றால் நாற்பது நாளுக்குக் கணக்காக வரும். மஞ்சளையும் வேர்க்கொம்பையும் உரலில் நொறுக்கிவிட்டு மில்லுக்குக் கொடுங்கள், முழுசாகப் போட்டால் அரைபடாமல் திப்பியாக நிற்கும். இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, வாசம் வரும் அளவுக்கு மட்டும் வறுங்கள். மல்லி கறுத்தால் கறி முழுக்கக் கசக்கும். அரைத்த சூட்டோடு பையில் கட்டினால் வேர்த்துக் கட்டிபடும், ஆறவிட்டு அரித்துக் கட்டுங்கள். உள்ளியை இங்கேயே அரைத்துச் சேர்க்காதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும். சமைக்கும்போது நாலைந்து பல்லை அங்கே தட்டிப் போடலாம். சில வீடுகளில் சரக்கோடு பிரண்டியும் கொடுப்பார்கள். பால் கொடுக்கும் தாய்க்கு அது வேண்டாம். சரக்கு பிள்ளை பிறந்த பிறகுதான், வயிற்றில் இருக்கும்போது நாட்டு மருந்து எதையும் மிட்வைஃபைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

சுறாக் கருவாடு வேண்டாம். பெரிய மீன் சின்ன மீனைத் தின்று தின்று உடம்பில் பாதரசத்தைச் சேர்க்கும், அது வயிற்றுப் பிள்ளையின் மூளை நரம்பைத் தாக்கும். பால்சுறா சின்னதுதானே என்பீர்கள். அங்கே சுறா என்றாலே கர்ப்பிணி தொடக் கூடாது, பால் கொடுப்பவள் கிழமைக்கு ஒரு தரத்துக்கு மேல் சாப்பிடக் கூடாது என்கிறார்கள். நெத்தலி கட்டுங்கள். மீன் கொண்டுபோகத் தடையில்லை. இறைச்சியும் பால்பொருளும் விடமாட்டார்கள், ஆகவே தயிர் கிடையாது. பச்சை முருங்கையிலை, கறிவேப்பிலையும் வேண்டாம். இரத்தம் ஊற ஈரல் சாப்பிடு என்றும் சொல்லாதீர்கள், அதிலுள்ள அதிகப்படியான விற்றமின் ஏ கர்ப்பிணிக்குக் கூடாது. இரும்புக் குளிசையைப் பிளேன்ரீயோடு விழுங்கினால் தேயிலைச் சாயம் இரும்பை உடம்பில் சேரவிடாது. குடித்து ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், தோடம்பழச் சாற்றோடு குடித்தால் நல்லது.

24க்கும் 28க்கும் இடைப்பட்ட வாரத்தில் சீனிப் பரிசோதனை, நம் இனத்தவருக்குக் கட்டாயம் கேட்டுச் செய்ய வேண்டியது. ஒக்டோபர் கடைசியில் 28 வாரம் ஆகும்போது ஆர்எஸ்வி என்ற சுவாச வைரசுக்கான ஊசி, குக்கல் ஊசி இன்னும் போடாவிட்டால் அதுவும். நாம் இங்கே பிறந்த உடன் போடும் காசநோய்த் தடுப்பூசியான பிசிஜியை அங்கே எல்லாப் பிள்ளைக்கும் போடுவதில்லை. தாய் தகப்பன் இலங்கையில் பிறந்தவர்கள் என்று சொன்னால் ஒரு மாத அளவில் போடுவார்கள்.

ஞானஸ்நானம் பற்றி. முடிவு தாய் தகப்பனுடையது, இரண்டு சம்மந்தியுமே அதைத் தங்கள் கையில் எடுக்கக் கூடாது. ஆனால் உங்கள் மகள் கலப்புத் திருமணம் செய்தபோது, பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் இயன்றதெல்லாம் செய்வதாக வாக்குக் கொடுத்திருப்பாள். மருமகனுக்கும் அது அப்போதே தெரிவிக்கப்பட்டிருக்கும். சம்மந்தி வீட்டாரிடம் அதை மெதுவாக நினைவுபடுத்த வேண்டியவர் மருமகன், நீங்கள் அல்ல. எந்தக் கோயிலில் நடந்தாலும் அது ஒரே தரம்தான். மெதடிஸ்ட் ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்கிறது, இரண்டாம் முறை கொடுக்காது. அங்கே ஒன்று, ஊரில் ஒன்று என்ற சமாதானத்துக்கு இடமில்லை.

என் எண்ணம், அங்கேயே கொடுப்பதுதான். முதல் வாரங்களிலேயே கொடுக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம், ஊருக்கு வர ஒரு வருடமாகலாம். கத்தோலிக்கர் ஒருவர் ஞானத்தாயாகவோ ஞானத்தகப்பனாகவோ நின்றால் போதும். அவர் 16 வயது நிரம்பி உறுதிபூசுதல் பெற்றிருக்க வேண்டும். அவரோடு மருமகனின் சகோதரி கிறிஸ்தவச் சாட்சியாக நிற்கலாம். கல்லாற்றுக்காரருக்கு இது உண்மையான இடம், பெயரளவில் அல்ல. மகள் இப்போதே அங்குள்ள பங்குக் கோயிலில் பெயரைப் பதியட்டும், பெற்றோருக்கான வகுப்பு உண்டு, அதைப் பிள்ளை பிறக்கமுன் முடிக்கலாம். பதிவேடு ஞானஸ்நானம் நடந்த கோயிலில்தான் இருக்கும். பிறகு புதுநன்மைக்கும் கல்யாணத்துக்கும் அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள், ஆகவே இரண்டு பிரதி எடுத்து ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு வந்ததும் இரண்டு கோயிலிலும் நன்றி வழிபாடு வைக்கலாம்.

நீங்கள் போகும் நாள். எல்லாத் தாய்மாரும் பிறக்கும் நாளுக்கு ஓடுகிறார்கள். மருமகனுக்கு லீவு இரண்டு வாரம்தான், அந்த நாள்களில் அவர் இருப்பார். அவர் இரவு வேலைக்குத் திரும்பும்போதுதான் வீட்டில் ஆள் தேவை. ஜனவரி கடைசியில் போய் இறங்குங்கள். பார்வையாளர் விசா ஆறு மாதம், ஆகவே தவக்காலத்துக்கு முன் ஞானஸ்நானம் கொடுக்க முடியாவிட்டாலும் பாஸ்காக் காலத்தில் கொடுக்கும்போது நீங்கள் அங்கே நிற்பீர்கள். பயணத்துக்கு மூன்று மாதம் முன்னதாகத்தான் விண்ணப்பிக்கலாம், நவம்பர் முதல் கிழமை சரி. மகளின் அழைப்புக் கடிதம், அவர்களின் வங்கிக் கூற்று, நீங்கள் திரும்பிவருவீர்கள் என்று காட்ட உங்கள் காணி உறுதி, ஓய்வூதியம் இருந்தால் அதன் கடிதம். தமிழில் உள்ளதெல்லாம் மொழிபெயர்ப்போடு.

அங்கே போய்ப் பிள்ளையைக் குளிர் என்று சுற்றிச் சுற்றிப் போர்க்காதீர்கள். படுக்கும் அறை 16 முதல் 20 பாகை இருந்தால் போதும், சூடு கூடுவதுதான் ஆபத்து. தொட்டிலில் தனியே, மல்லாக்க, தலையணை இல்லாமல். சாம்பிராணிப் புகையும் மூக்கில் எண்ணெயும் வேண்டாம், நாக்கில் தேன் தொட்டுவைப்பது ஒரு வயதுவரை கூடவே கூடாது. அதிலுள்ள கிருமி விதை பச்சைப் பிள்ளையின் குடலில் முளைத்துத் தசைகளைச் சோரவைக்கும். மகளுக்குச் சத்திரசிகிச்சை என்றால் நொச்சி அவித்த கொதிநீரை வயிற்றில் ஊற்ற வேண்டாம்.

கடவுச்சீட்டை இன்றைக்கே எடுத்து, அடுத்த ஓகஸ்ட் தாண்டியும் செல்லுபடியாகுமா என்று பாருங்கள். இல்லையென்றால் முதல் வேலை அதுதான்.