போனும் ஃபுல், கிளவுடும் ஃபுல்: எதை அழிக்கலாம், எதைத் தொடக்கூடாது?

கேள்வி: என் போனில் 64 ஜி.பி. இடம். மூன்று மாதமாக ‘ஸ்டோரேஜ் ஃபுல்’ என்று வருகிறது. உங்கள் 15 ஜி.பி. தீர்ந்துவிட்டது என்று கூகுளிலிருந்தும் அதே மூன்று மாதமாகத் தனியாக மெயில் வருகிறது. “எல்லாம் கிளவுடில் பத்திரமா இருக்கும் பாட்டி, போன்ல இருக்கறதை அழிச்சிடுங்க” என்கிறான் பேரன். போன மாதம் சின்ன மகளுக்கு நடந்த வளைகாப்புப் படங்கள் இந்தப் போனில்தான் இருக்கின்றன. அழிக்கலாமா? நாளைக்கே போன் தொலைந்தால் எதெல்லாம் திரும்பக் கிடைக்கும்?
- ஓய்வுபெற்ற ஆசிரியை, திண்டுக்கல்

பதில்: இன்றைக்கு எதையும் அழிக்காதீர்கள் அம்மா. பேரன் சொல்வது வேறொருவர் போனுக்குச் சரியாக இருக்கலாம், உங்கள் போனுக்குப் பொருந்தாது. கூகுள் கணக்கில் இடம் தீர்ந்த அன்றே புதிய படங்கள் போனிலிருந்து மேலே கிளவுடுக்கு ஏறுவதும் நின்றுபோயிருக்கும். மூன்று மாதமாக அந்த மெயில் வருகிறது. வளைகாப்பு போன மாதம். ஆகவே அந்தப் படங்கள் அநேகமாக உங்கள் கையில் இருக்கும் போனைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை.

உறுதி செய்துகொள்ள ஒரு வழி உண்டு. கூகுள் போட்டோஸைத் திறந்து, ஒரு வளைகாப்புப் படத்தைத் தொட்டு, அதை மேல்நோக்கித் தள்ளுங்கள். கீழே விவரங்கள் வரும். ‘பேக்டு அப்’ என்று எழுதி, பக்கத்தில் இத்தனை எம்.பி. என்று இருந்தால் கூகுளிடம் ஒரு பிரதி இருக்கிறது. ‘ஆன் டிவைஸ்’ மட்டும் இருந்தால் போனில் மட்டுமே. இரண்டு வரியும் இருந்தால் இரண்டு இடத்திலும். போன வருடத்துப் படம் ஒன்றையும் இதேபோல் பாருங்கள், வித்தியாசம் கண்ணில் படும்.

‘கிளவுட்’ என்ற பெயர்தான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். மேகமெல்லாம் கிடையாது. பெரிய கட்டடங்களில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் கணினிகள்தான். அங்கே ஒரு கோப்பை ஒரே இயந்திரத்தில் வைப்பதில்லை. ஒன்று பழுதானாலும் மற்றொன்றிலிருந்து எடுக்கும்படி பல இடங்களில் வைப்பார்கள். உங்கள் போனில் இருக்கும் ஆப்களில் சில அந்தக் கட்டடத்துக்கு வெறும் ஜன்னல். சில, போனுக்குள்ளேயே சரக்கை வைத்திருக்கும் பீரோ. எது எந்த வகை என்று தெரிய, போனை ஃபிளைட் மோடில் போட்டுவிட்டு ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். வங்கி ஆப் பேலன்ஸ் காட்டாது, ஏனென்றால் பணம் வங்கியின் கணினியில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் போன வருடத்து உரையாடல்கூடத் திறக்கும், ஏனென்றால் அது உங்கள் போனில் இருக்கிறது. ஜிமெயில் நடுவாந்திரம்: அண்மைய கடிதங்களை மட்டும் கையில் வைத்திருக்கும்.

வாட்ஸ்அப் பற்றிப் பலரும் தவறாக நினைக்கிறார்கள். அந்த நிறுவனத்தின் சர்வர் தபால்காரர் மாதிரி. கடிதத்தைக் கொடுத்துவிட்டால் அவரிடம் எதுவும் மிஞ்சாது. உங்கள் போன் அணைந்திருந்தால் 30 நாள் வரை வைத்திருப்பார், அவ்வளவுதான். பழைய அரட்டை திரும்ப வேண்டுமென்றால் அதன் பேக்கப், அதாவது ஒரு பிரதி, தனியாக உங்கள் கூகுள் கணக்கில் ஏறியிருக்க வேண்டும். முன்பு அது 15 ஜி.பி. கணக்கில் சேராது. 2023 இறுதியில் அறிவித்து, பிறகு படிப்படியாகச் சேர்த்துவிட்டார்கள்.

உங்கள் 15 ஜி.பி. எங்கே போனது என்பதற்கும் விடை பெரும்பாலும் இங்கேதான். குடும்பக் குழுவில் வரும் ஒரு வீடியோ வாட்ஸ்அப் பேக்கப்பில் ஒருமுறை ஏறும். கூகுள் போட்டோஸில் வாட்ஸ்அப் ஃபோல்டருக்கும் பேக்கப் போட்டிருந்தால் இன்னொரு முறை ஏறும். ஒரே ‘காலை வணக்கம்’ பூங்கொத்துக்கு இரண்டு இடத்தில் வாடகை! எனவே வேலையை இங்கே தொடங்குங்கள். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’, அதற்குள் ‘மேனேஜ் ஸ்டோரேஜ்’. பலமுறை ஃபார்வர்டு ஆனவை, 5 எம்.பி.க்கு மேற்பட்டவை என்று அதுவே பிரித்துக் காட்டும். அங்கே தாராளமாக அழிக்கலாம். போனிலும் இடம் கிடைக்கும். பிறகு ‘சாட் பேக்கப்’ பகுதியில் வீடியோக்களைச் சேர்க்கும் பொத்தானை அணையுங்கள். கூகுள் போட்டோஸ் செட்டிங்ஸில் எந்தெந்த ஃபோல்டரை பேக்கப் எடுக்க வேண்டும் என்ற பட்டியலில் வாட்ஸ்அப்பையும் அணைத்துவிடுங்கள். அடுத்த பேக்கப் முடிந்ததும் கணக்கில் வாட்ஸ்அப் பிடித்திருந்த இடம் குறைந்திருப்பது தெரியும்.

ஜிமெயிலிலும் பழைய இணைப்புகளோடு வந்த பெரிய கடிதங்கள் கிடக்கும். அழித்தபின் குப்பைத்தொட்டியையும் காலி செய்யுங்கள், இல்லையென்றால் அங்கேயும் இடம் பிடித்துக்கொண்டிருக்கும்.

பழைய படங்களை அழித்து இடம் மிச்சம் பிடிக்கலாம் என்று மட்டும் இறங்கிவிடாதீர்கள். 2021 ஜூன் 1க்கு முன் ‘ஹை குவாலிட்டி’யில், அதாவது அளவைச் சற்றுச் சுருக்கி ஏற்றும் முறையில், ஏறிய படங்கள் 15 ஜி.பி.யில் சேரவே சேராது. அவற்றை அழித்தால் நினைவு போகும், இடம் வராது.

கணக்கில் இடம் வந்தபின், ஓர் இரவு போனை சார்ஜில் போட்டு, வைஃபையில் விட்டு, பேக்கப் முடிந்ததாகக் காட்டும்வரை காத்திருங்கள். மறுநாள் வளைகாப்புப் படத்தை மீண்டும் மேலே தள்ளிப் பாருங்கள். ‘பேக்டு அப்’ வந்துவிட்டதா? இப்போது அழிக்கலாம். ஆனால் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து, குப்பைத்தொட்டிப் படத்தைத் தொட்டு அல்ல. கூகுள் போட்டோஸில் அப்படி அழித்தால் மேலே இருப்பதும் சேர்ந்தே போகும். போனும் கிளவுடும் ஒன்றையொன்று பார்த்து எழுதும் இரண்டு கணக்கு நோட்டுகள். ஒன்றில் அடித்தால் மற்றதிலும் அடிபடும். தவறி அழித்துவிட்டால், பேக்கப் ஆன படம் 60 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும், மீட்டுக்கொள்ளலாம். நீங்கள் தொட வேண்டியது ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’. மேலே ஏறி முடிந்த படங்களின் போன் பிரதியை மட்டும் அது நீக்கும், ஏறாததைத் தொடாது. மகள் ஐபோன் வைத்திருந்தால் அவரிடமும் சொல்லுங்கள்: ஐகிளவுட் போட்டோஸ் போட்டிருக்கும் போனில் படத்தை அழித்தால் எல்லா இடத்திலும் அழியும்.

இத்தனைக்குப் பிறகும் வளைகாப்பு, கல்யாணம் போன்றவற்றை ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டு பீரோவில் வைக்கச் சொல்வேன். பழைய ஆள் என்று பேரன் சிரிக்கட்டும்.

இனி தொலைந்துபோகும் கதை. வங்கியில் இருக்கும் பணம் போனோடு போகாது, ஆனால் சிம்மையும் யு.பி.ஐ.யையும் உடனே முடக்க வேண்டும். அரசின் ஆவண ஆப்பான டிஜிலாக்கரில் பெற்ற ஆவணங்களைப் புதுப் போனில் மறுபடி பெறலாம். தொடர்பு எண்கள், கூகுள் கணக்கில் சேமித்திருந்தால் மட்டும் வரும். நான் ஒருமுறை எண்களையெல்லாம் ‘போன்’ என்ற இடத்திலேயே சேமித்து வந்து, அந்தப் போன் தண்ணீரில் விழுந்தபின் ஒரு மாதம் “யார் பேசறீங்க?” என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

எல்லாவற்றுக்கும் சாவி உங்கள் கூகுள் கடவுச்சொல். புதுப் போனில் நுழையும்போது, தொலைந்த போனுக்கே ஓ.டி.பி. அனுப்பினால் வெளியே நிற்க வேண்டியதுதான். டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் (கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் முறை) போட்டிருந்தால், கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் ‘பேக்கப் கோட்ஸ்’ என்று பத்து எண்கள் தருவார்கள், ஒவ்வொன்றும் எட்டு இலக்கம். ஒவ்வொன்றையும் ஒருமுறைதான் பயன்படுத்த முடியும். அவற்றைப் போனில் படமெடுத்து வைக்காதீர்கள். காகிதத்தில் எழுதி, ரேஷன் கார்டு இருக்கும் கவரில் வையுங்கள்.