ஈப்போவில் பிறந்தால் ‘துங்ஹியோங்’ ஆகிவிடலாமா?

கேள்வி: நான் மலேசியாவின் ஈப்போவில் பிறந்தவன். உடன் வேலை பார்க்கும் சீனப் பெரியவரும் ஈப்போதான். ‘நாம் ஒரே ஊர்க்காரர்கள்’ என்பதற்கு அகராதியில் ‘துங்ஹியோங்’ என்று போட்டிருக்கிறது. அவர் பேசும் சீன மொழியான காண்டனீஸில் அதைச் சொன்னால் விழிக்கிறார். சொல் தப்பா, உச்சரிப்பு தப்பா?

பதில்: சொல் சரி. ஊர்தான் தப்பு. காண்டனீஸ் பேசும் பெரியவர்களுக்கு ‘ஹியோங்ஹா’ என்பது பிறந்த இடமல்ல, தகப்பன் வழிப் பூர்வீகம். மூன்று தலைமுறையாக ஈப்போவில் இருப்பவரைக் கேட்டாலும் தொய்சான், சன்வுய், பூன்யூ என்று சீனாவின் குவாங்டோங் மாகாணத்து வட்டம் ஒன்றைத்தான் சொல்வார். அங்கே அவர் கால் வைத்திருக்கக்கூட வேண்டியதில்லை. அந்த வட்டம் ஒன்றாக இருப்பவர்களே துங்ஹியோங். தொய்சான், சன்வுய், ஹொய்பிங், யன்பிங் நான்கையும் சேர்த்து ‘செய்யப்’ என்பார்கள். கடல் கடந்து போன இடங்களில் இந்த நால்வருக்குள்ளும் உறவு கொண்டாடுவது உண்டு. சிங்கப்பூரில் 1822-இல் தொய்சான்காரர்கள் தொடங்கிய நிங் யோங் வுய் குன் சங்கம் இன்னமும் அந்த வட்டத்தின் பழைய பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. ‘தொய்சான்’ என்ற பெயர் 1914-இல் வந்தது.

துங்ஹியோங் கொஞ்சம் விறைப்பான சொல், சங்கப் பலகைக்குப் பொருந்தும். வாய்ப்பேச்சில் ‘ஹியோங்லெய்’தான் ஒட்டுதலோடு வரும். ஆனால் மரியாதை கூட்டுவதாக நினைத்து அதன் முன்னால் ‘தாய்’ (பெரிய) சேர்த்துவிடாதீர்கள். ‘தாய் ஹியோங்லெய்’ என்றால் பட்டிக்காட்டான். ‘ஹியோங்ஹா லௌ’வும் அதே ஏச்சுதான். ‘காய்ஃபோங்’ என்பது அக்கம்பக்கத்தார். பூர்வீகத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை. ‘லாவ்ஷியாங்’ மாண்டரின் சொல், இங்கே வேண்டாம்.

நீங்கள் சொல்ல நினைத்ததற்கு நேரான வாக்கியம்: ‘ங்கோதெய் தௌ ஹாய் யீபௌ யன்.’ நாம் இருவரும் ஈப்போக்காரர்கள். இதற்கு யாரும் விழிக்க மாட்டார்கள்.

அதைவிட நல்லது, கேட்பது: ‘நெய் ஹியோங்ஹா ஹாய் பின்தௌ ஆ?’ உங்கள் பூர்வீகம் எது? ‘ஹியோங்’கை உயர்ந்த குரலில், ஏற்ற இறக்கமின்றிப் பிடியுங்கள்; ‘ஹா’வை அடியிலிருந்து மேலே தூக்குங்கள். நம்மவர்கள் வாக்கிய முடிவில் குரலை இறக்குகிற பழக்கத்தில் ‘ஹா’வையும் இறக்கிவிடுவார்கள், அங்கேதான் கெடுகிறது. அவர் தொய்சான் என்றால், விடாமல் எந்தக் கிராமம் என்றும் கேளுங்கள்.