பின்னால் தெரிகிற வீடு

அன்புள்ள அக்கா,

திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு உரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். போட்டோ எடுப்பதில் ஆசை. கையில் இருப்பது பழைய போன், அதுவும் அண்ணன் வைத்திருந்துவிட்டுக் கொடுத்தது. மன்னார்குடியில் கல்யாண ஆர்டர் எடுக்கிற நண்பர்கள், "போன்ல எடுத்தா பின்னாடி இருக்கிற குப்பையெல்லாம் சேர்ந்து தெரியும். பேக்ரவுண்ட் பிளர் ஆனாத்தான் போட்டோ" என்கிறார்கள். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து, செகண்ட் ஹேண்டில் ஒரு நல்ல கேமராவும் 85 எம்.எம். லென்ஸும் வாங்கலாமா என்று யோசிக்கிறேன். இல்லை, இருக்கிற போனிலேயே கிரியேட்டிவாக எடுக்க வழி உண்டா? எந்த ஆப்பில் எடிட் செய்வது நல்லது? போட்டிகளுக்கு அனுப்பலாமா? நான்கு படங்கள் இணைத்திருக்கிறேன். நான்காவது சும்மா எடுத்தது. பின்னால் எல்லாம் கசகசவென்று தெரிகிறது, பொறுத்துக்கொள்ளவும்.

கா., திருத்துறைப்பூண்டி

அன்புள்ள தம்பிக்கு,

சங்கிலி அம்மா கழுத்திலேயே இருக்கட்டும். மற்றதைப் பேசுவோம்.

நான் போட்டோகிராபர் இல்லை. இப்படிக் கேட்டு வருகிற கடிதங்களைத் தெரிந்தவர்களுக்குத் தள்ளிவிடுவதுதான் வழக்கம். உங்கள் கடிதத்தை அப்படித் தள்ள முடியாமல் செய்தது "பின்னாடி இருக்கிற குப்பை" என்ற பேச்சு. கொஞ்ச காலமாகவே எனக்கு இதில் எரிச்சல் உண்டு. சொந்தக்காரர் வீட்டில் எந்தக் கல்யாண ஆல்பத்தைக் கையில் கொடுத்தாலும் பெண்ணும் மாப்பிள்ளையும் ஏதோ மஞ்சள் புகையில் மிதக்கிறார்கள். மண்டபம் எது, வாசலில் யார் நின்று சந்தனம் கொடுத்தது, மொய் நோட்டோடு உட்கார்ந்திருந்தவர் யார், ஒன்றும் தெரிவதில்லை. கும்பகோணத்தில் நடந்த கல்யாணமா கோலாலம்பூரில் நடந்ததா என்று பத்திரிகையை எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஆப், போட்டி இரண்டையும் இப்போதைக்கு விடுங்கள். படங்களுக்கு வருகிறேன்.

முதல் படம், விடியற்காலைப் பெரிய கோயில். ஆள் நடமாட்டம் ஓயும்வரை காத்திருந்து எடுத்தேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஏன் காத்திருந்தீர்கள்? ஆள் இல்லாத பெரிய கோயில் காலண்டரிலேயே கிடைக்கிறதே. இரண்டாவது, நடவு. பச்சை, தண்ணீர், குனிந்த முதுகுகள். மோசமில்லை, ஆனால் பெண்களுக்கு முகமே இல்லை. மூன்றாவதுதான் எனக்குக் கோபம் மூட்டியது. ஒரு பெரியவரின் முகம், கறுப்பு வெள்ளையில். சுருக்கங்களை எல்லாம் கூட்டிக் காட்டியிருக்கிறீர்கள். "மண்ணின் ரேகைகள்" என்று தலைப்பு வேறு. அவர் பெயர் என்ன? எங்கே நிற்கிறார்? வரப்பிலா, டீக்கடையிலா, கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்குக் காவலாகவா? சுற்றிலும் சாம்பல் நிறக் குழம்பு. போர்ட்ரெய்ட் மோட் என்பது போன் தானாகக் கணக்குப் போட்டு, எது ஆள், எது ஆள் இல்லை என்று யூகித்து மற்றதை அழிக்கிற வேலை. அது யூகித்ததில் அவருடைய தலைத்துண்டின் முனையும் ஒரு காதில் பாதியும் போய்விட்டன. பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மனிதரின் பெயரையும் கேட்காமல், நிற்கிற இடத்தையும் அழித்து, காதையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, மிச்சத்துக்கு மண் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். அவர் பேரன் இதைப் பார்த்தால் என்ன சொல்வான்?

நான்காவது படத்துக்குத்தான் இந்தப் பதிலே.

அம்மா கொல்லைப்படியில் உட்கார்ந்து மீன் ஆய்கிறார். அரிவாள்மணையைக் காலால் அழுத்தியிருக்கிறார், பக்கத்தில் சாம்பல் கிண்ணம். பூனை ஒன்று பார்க்காத மாதிரி பார்க்கிறது. பின்னால் என்னென்ன இருக்கிறது என்று நீங்கள் எண்ணினீர்களோ இல்லையோ, நான் பார்த்தேன். கொடியில் பள்ளிச் சீருடை, ஒரு காலுறை மட்டும். கதவுக்கு உள்ளே மேடையில் அரசாங்கம் கொடுத்த மிக்சி. தாழ்வாரத்துக்குத் தகரம். கஜாவில் ஓடு போனபிறகு போட்டதாகத்தான் இருக்கும், ஏனென்றால் அந்தண்டை முறிந்துபோன தென்னையின் அடிமரம் நிற்கிறது, அதன்மேல் குடத்தைக் கவிழ்த்து வைத்திருக்கிறீர்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் பக்கம் அந்தப் புயல் கரையேறியபோது உங்கள் ஊரில் என்ன நடந்தது என்று பேப்பர்காரர்கள் எடுத்த படங்கள் எவ்வளவோ இருக்கின்றன. அதற்குப் பிறகு ஒரு வீடு எப்படித் தன்னை ஒப்பேற்றிக்கொண்டது என்பது உங்கள் படத்தில்தான் இருக்கிறது. இதற்கா பொறுத்துக்கொள்ளச் சொன்னீர்கள்?

உங்கள் நண்பர்கள் சொல்வது தப்பில்லை, அவர்கள் அதைக் குறையாகச் சொல்வதுதான் தப்பு. ஃபுல் ஃப்ரேம் என்கிற பெரிய கேமராவில் சென்சார், அதாவது வெளிச்சத்தை வாங்கிப் படமாக்குகிற சில்லு, 36க்கு 24 மில்லிமீட்டர். உங்கள் போன் மாதிரி பழைய போனில் இருப்பது ஒரு துவரம்பருப்பு அளவு. அதற்கேற்ப லென்ஸின் குவியத் தூரமும் நாலைந்து மில்லிமீட்டர்தான். அதனால் போனில் எஃப் 1.8 என்று போட்டிருந்தாலும் (எஃப் என்பது லென்ஸ் துளையின் கணக்கு, எண் கூடினால் துளை சிறுக்கும்), பெரிய கேமராவில் எஃப் 11 வைத்தால் கிட்டத்திலிருந்து தூரம்வரை எவ்வளவு தெளிவாக விழுமோ, ஏறக்குறைய அவ்வளவு விழும். அமெரிக்காவில் ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் முதலானவர்கள் 1932-ல் ஒரு குழு சேர்ந்தபோது அதற்கு வைத்த பெயரே எஃப் 64. லென்ஸ் துளையை அந்த அளவுக்குச் சுருக்கி, காலடிக் கல்லிலிருந்து தூரத்து மலைவரை எல்லாம் துல்லியமாக வர வேண்டும் என்பது அவர்கள் கட்சி. அதற்காகப் பெரிய கேமராவையும் ஸ்டாண்டையும் சுமந்துகொண்டு அலைந்தார்கள். உங்களுக்கு அது சட்டைப்பையில் கிடக்கிறது, நீங்கள் மங்கலாக்க வழி கேட்கிறீர்கள்.

தஞ்சாவூருக்கே வருவோம். 1858-ல் லின்னேயஸ் டிரைப் என்ற கம்பெனிப் படை அதிகாரி, சென்னை மாகாண அரசாங்கத்தின் போட்டோகிராபராகப் பெரிய கோயிலைப் படம் எடுத்தார். மெழுகு ஏற்றிய காகிதம்தான் நெகட்டிவ். அடித்தளத்தைச் சுற்றி ஓடுகிற கல்வெட்டை 21 நெகட்டிவ்களில் துண்டு துண்டாக எடுத்து, அச்சிட்டு, ஒட்டி, பத்தொன்பது அடிக்கு மேல் நீளமான ஒரே படமாக்கினார். அந்தக் காகிதத்தில் வானம் வெறும் வெள்ளையாகத்தான் விழும் என்பதால், தன் நெகட்டிவ்களில் மேகத்தைக் கையாலேயே தீட்டுவதும் உண்டு. எடிட்டிங் பற்றிக் கேட்டீர்களே, அது அவ்வளவு பழசு. அவர் படங்களில் ஆட்கள் அபூர்வம். நடமாடுகிற ஆளைப் பிடிக்கிற வேகம் அந்தக் காகிதத்துக்கு இல்லை. நடந்து போகிறவர் பதியவே மாட்டார். அன்று காலை அந்தப் பிராகாரத்தில் எத்தனை பேர் போனார்களோ, ஒருவரும் மிஞ்சவில்லை. அவருக்கு முடியவில்லை. உங்களுக்கு முடிகிறது, நீங்கள் அவர்கள் போகட்டும் என்று காத்திருக்கிறீர்கள்.

அந்தக் கோயிலைக் கட்டிய ராஜராஜன் அப்படிக் காத்திருக்கவில்லை. கோயிலில் ஆடிப் பணிசெய்ய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைக் கொண்டுவந்து குடியேற்றியபோது, ஒவ்வொருத்தி பெயரையும், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள் என்பதையும், எந்தச் சிறகில், அதாவது தெருவின் எந்த வரிசையில், எத்தனையாவது வீடு என்பதையும் கல்லில் வெட்ட வைத்திருக்கிறான். ஆளோடு வீட்டையும் சேர்த்து.

எங்கள் வீட்டில் அப்பாயி படம் ஒன்று கூடத்தில் மாட்டியிருந்தது. தாத்தாவோடு டவுனுக்குப் போய் ஸ்டுடியோவில் எடுத்தது. பின்னால் திரைச்சீலையில் வளைந்து ஏறும் மாடிப்படி, ஒரு ஏரி, ஏரியில் அன்னம். அப்பாயி தன் வாழ்நாளில் மாடி ஏறியிருப்பாளா என்பதே சந்தேகம். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருப்பாள். அவள் செத்த பிறகு மாலை போட அந்தப் படம்தான் இருந்தது. எனக்கு அதில் அப்பாயியே தெரிந்ததில்லை.

சித்தப்பாவிடம் ஒரு அக்ஃபா கிளிக் த்ரீ இருந்தது. அந்தக் காலத்தில் கொஞ்சம் வசதிப்பட்ட வீடுகளில் இருந்த எளிய கேமரா. 120 பிலிம், ரோலுக்குப் பன்னிரண்டு சதுரப் படம். ஒன்றை மட்டும் பிரித்து எடுத்து மற்றதை மங்கலாக்குகிற சாமர்த்தியம் எதுவும் அதற்குக் கிடையாது. எதிரே இருக்கிறதை எல்லாம் ஏதோ ஓரளவு தெளிவாக வாங்கிக்கொள்ளும். என் அண்ணனுக்குப் புதுச் சைக்கிள் வந்த அன்று சித்தப்பா அவனை முற்றத்தில் நிறுத்தி ஒரு படம் எடுத்தார். பெரிதாக்கக் கொடுத்த இடத்தில், "பின்னாடி ஒரு கெழவி நிக்கிறாங்க, தேவையில்லாம இருந்துச்சு" என்று ஓரத்தை வெட்டிவிட்டுப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தார்கள். அண்ணனும் சைக்கிளும் மட்டும். வீட்டில் எல்லோருக்கும் திருப்தி.

நல்லவேளை, நெகட்டிவைத் தூக்கிப் போடவில்லை. சித்தப்பா காலமான பிறகு அவர் டிரங்குப் பெட்டியில் கிடந்ததை ஸ்கேன் செய்து பார்த்தோம். சைக்கிள் சக்கரத்துக்குப் பின்னால், தாழ்வாரத்தில், அப்பாயி பாதி திரும்பி நின்று புடைக்கிறாள். முறம் தோளுக்குச் சரியாக எழும்பியிருக்கிறது. உமி காற்றில் வெளிச்சம் பட்டு நிற்கிறது. புடவையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகியிருக்கிறாள். உதடு குவிந்திருக்கிறது, ஊதுகிறாளோ யாரையோ வைகிறாளோ தெரியாது, வைகிறாள் என்றுதான் அத்தை சொல்கிறாள். அவளுக்கு இந்தண்டை பத்தாயம். பத்தாயக் கதவில் தாத்தா சுண்ணாம்புக் கட்டியால் எழுதிய நெல் கணக்கு, கலமும் மரக்காலுமாக. பாதி எழுத்துப் படிக்க முடிகிறது. பத்தாயமும் இப்போது இல்லை, முற்றமும் இல்லை, அந்த இடத்தில் தளம் போட்டுக் கார் நிற்கிறது. சித்தப்பாவிடம் உங்கள் நண்பர்களுடைய 85 எம்.எம். லென்ஸ் இருந்திருந்தால் எனக்கு ஒரு சைக்கிள்தான் கிடைத்திருக்கும்.

சரி, கிரியேட்டிவாக எடுப்பது எப்படி என்று கேட்டீர்கள். எல்லாம் தெளிவாக விழும் என்று ஆனபிறகு, எது எங்கே நிற்க வேண்டும் என்பதுதான் உங்கள் வேலை. மங்கலாக்குகிறவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை, அதனால்தான் அது சுலபம். அம்மா தலைக்கு நேர் பின்னால் தூண் வந்தால், தலையில் தூண் முளைத்த மாதிரி இருக்கும். அரையடி இடப்பக்கம் நகர்ந்தால் தூண் தனி, தலை தனி. நின்றுகொண்டு எடுத்தால் பின்னால் தரைதான் வரும், குந்தி உட்கார்ந்தால் வீடு வரும். பூனைக்கும் கிண்ணத்துக்கும் இடையில் ஒரு விரல் இடைவெளி வேண்டும் என்றால் அதற்கும் நகர வேண்டும். ஜூமைத் தொடாதீர்கள், உங்கள் போனில் அது படத்தின் நடுவை வெட்டி இழுப்பதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. அதற்காக முகத்துக்கு ரொம்பக் கிட்டேயும் போக வேண்டாம், மூக்கு பெருத்துவிடும். ஐந்தாறு அடி தள்ளி நின்றால் ஆளும் சரியாக வருவார், அவரைச் சுற்றியிருப்பதும் வரும்.

நடவுப் படத்தையும் இப்படியே திரும்ப எடுத்துப் பாருங்கள். உச்சி வெயிலில் குனிந்திருக்கிறவர்கள் முகம் துண்டின் நிழலில் கறுத்துப் போகும் என்பது சரி. ஆனால் சேற்றுக்கு மேல் நிற்கிற தண்ணீர் வெளிச்சத்தை மேலே திருப்பியடிக்கும், தாடையிலும் கன்னத்திலும் அது விழும். நாற்று வேர் பிடித்துப் பச்சை மூடுகிறவரைதான் இந்த வெளிச்சம். வரப்பில் உட்கார்ந்து, போனை முழங்கால் உயரத்தில் பிடித்து, திரையில் முகத்தைத் தொட்டுவிட்டு எடுங்கள். வானம் வெளுத்தால் வெளுக்கட்டும். பின்னால் வரப்பில் வைத்திருக்கிற தூக்குவாளிகளும் செருப்புகளும் படத்தில் இருக்கட்டும். எடுப்பதற்கு முன்னால் கேளுங்கள், எடுத்தபிறகு பெயர் எழுதிக்கொள்ளுங்கள். டவுனில் ஒரு பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தால் அடுத்த தடவை அவர்களே நீங்கள் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வார்கள்.

மூன்றாவது படத்துப் பெரியவரிடம் இதைச் செய்தே ஆக வேண்டும். காதோடு.

ஒன்று விட்டுப்போயிற்று. நான்கு படத்திலும் வெளிச்சம் இருக்கிற பக்கமெல்லாம் பால் சிந்தின மாதிரி ஒரு வெளிறல் தெரிகிறது. அது சென்சாரின் குற்றமாக எனக்குத் தோன்றவில்லை. லென்ஸ் மேலிருக்கும் கண்ணாடியை விரலால் தடவிப் பாருங்கள். வெறும் எண்ணெய்ப் பிசுக்கு என்றால் பழைய பருத்தித் துணியே போதும். கீறல் என்றால் பஸ் ஸ்டாண்ட் பக்கம் மொபைல் ரிப்பேர் கடையில் கேட்டுப் பாருங்கள், அந்தக் கண்ணாடியை மட்டும் மாற்றித் தருவார்கள். செலவு பெரிதாக இருக்காது, சங்கிலிவரை போக வேண்டியதில்லை. மாற்றியதும் முதல் வேலையாக அம்மாவை அதே படியில் உட்காரவைத்து எடுக்கக் கிளம்பிவிடாதீர்கள். அவருக்கு வேறு வேலை இருக்கும், அதைச் செய்யும்போது எடுங்கள்.