மாறும் வானில் ஒரு போட்டி – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வட்டார அளவிலான கிளைடர் போட்டி ஒன்றில் இவ்வாண்டு முதன்முறையாகக் கலந்துகொண்டேன். தொடக்கத்தில் வானம் நன்றாக இருந்தது. ஒரு நாள் பட்டியலில் முதலிடம்கூடக் கிடைத்தது. அதன் பிறகு வானிலை ஒரு நிலையில் இல்லை. காலையில் திரள் மேகங்கள் அழகாக எழும். நண்பகல் தாண்டியதும் பரவி வானத்தையே மூடிவிடும். அப்படிப்பட்ட ஒரு நாளில், முந்தைய நாட்களைப் போலவே வேகமாகப் பறந்து, இரண்டாவது திருப்பப் புள்ளிக்கு முன்பே அறுவடை முடிந்த வயல் ஒன்றில் இறங்க நேர்ந்தது. எனக்கு இருபது நிமிடம் பின்னால், என்னைவிட மெதுவாக வந்தவர்களுக்கு அதே இடத்தில் வெயில் திரும்பி அடித்தது. அவர்கள் மேலேறிப் பந்தயத்தை முடித்துவிட்டார்கள். கோப்பையை வென்றவரோ ஒரு நாள்கூட முதலிடம் பெறாதவர். இத்தகைய வானிலையில் நடத்தும் போட்டி குலுக்கல் சீட்டுதானே? அத்தகைய நாட்களை ரத்து செய்வது நியாயமாக இருக்காதா? எடை கூட்டுவதற்காக இறக்கைகளில் தண்ணீர் நிரப்பிப் பறந்தேன். அதை முன்பே வெளியேற்றியிருக்க வேண்டுமா? என்னுடைய பறப்புப் பதிவையும் வென்றவரின் பதிவையும் இணைத்திருக்கிறேன். என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

குலுக்கல் சீட்டு என்ற குற்றச்சாட்டுக்கு வருமுன், நீங்கள் அனுப்பிய இரண்டு பதிவுகளில் நான் கண்டதைச் சொல்லிவிடுகிறேன். பதிலின் பெரும்பகுதி அவற்றிலேயே இருக்கிறது.

இத்துறை பழக்கமில்லாத வாசகர்களுக்காகச் சில வரிகள். எஞ்சின் இல்லாத கிளைடரை இழுவை விமானம் ஒன்று ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். அதன் பிறகு, வெயிலில் சூடேறிய தரையிலிருந்து மேலெழும் காற்றை, அதாவது விமானிகள் தெர்மல் என்று சொல்வதைத் தேடிப் பிடித்து, அதற்குள் வட்டமடித்து ஏற வேண்டும். ஏறிய உயரத்தைச் செலவழித்து அடுத்த தெர்மலை நோக்கிச் சறுக்க வேண்டும். இப்படியே குறிக்கப்பட்ட திருப்பப் புள்ளிகளைச் சுற்றி விரைவில் வந்து சேர்பவருக்கு அன்றைய அதிகப் புள்ளிகள். 15 மீட்டர் இறக்கை கொண்ட போட்டிக் கிளைடர், அசைவற்ற காற்றில் ஒரு கிலோமீட்டர் உயரத்தை இழந்து 40 கிலோமீட்டருக்கு மேல் செல்லும். கீழிறங்கும் காற்றும் அவசரமும் சேர்ந்த உண்மையான பந்தயத்தில் அது 30 கிலோமீட்டருக்கும் கீழே சுருங்குவதுண்டு.

இனி உங்கள் பதிவு. கடைசியாக நீங்கள் வட்டமடித்த இடத்தில் நொடிக்கு 1.2 மீட்டர் ஏற்றம் இருந்திருக்கிறது. அதில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்து, போதாது என்று முடிவுகட்டி, தரையிலிருந்து 1250 மீட்டர் உயரத்தில் கிளம்பிவிட்டீர்கள். அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் உங்களுக்குக் கிடைத்த தெர்மல்கள் யாவும் 2.5 மீட்டருக்குக் குறையாதவை. ஆகவே இது கைக்கு ஆகாது என்று தோன்றியதில் வியப்பில்லை. முன்னால் 22 கிலோமீட்டர் அகலத்துக்கு நிழல். அதை மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்பது நிமிடத்துக்குள் கடந்து, மறுபுறம் 480 மீட்டர் உயரத்தில் போய்ச் சேர்ந்தீர்கள். அங்கும் வெயில் இல்லை.

வென்றவர் அதே 1.2 மீட்டர் தெர்மலுக்குத்தான் வந்தார். அவருக்கும் அதற்கு முன் கிடைத்தவை வலுவானவையே. ஆனால் அவர் அதிலேயே ஆறு நிமிடத்துக்கு மேல் பொறுமையாக நின்று, மேகத்தின் அடிவரை, 1700 மீட்டருக்கு ஏறினார். பிறகு 110 கிலோமீட்டர் வேகத்தில் நிழலைக் கடந்து 980 மீட்டர் உயரத்தில் வெளியே வந்தார். உங்களுக்கும் அவருக்கும் இடையே 500 மீட்டர் வேறுபாடு. இதில் பெரும்பகுதி அவர் வேகத்தைக் குறைத்ததால் வந்ததல்ல என்பதைக் கவனியுங்கள். மெதுவாகப் பறந்ததால் மிஞ்சிய உயரம் மிகச் சொற்பம். மீதியெல்லாம், நீங்கள் பாதியில் விட்டுச்சென்ற அந்த ஏற்றத்தைக் கடைசிவரை பயன்படுத்தியதால் கிடைத்தது. அதன் பின் நிழலின் விளிம்பில், ஏறாமலும் அதிகம் இறங்காமலும் பத்து நிமிடம் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். அப்போதுதான் மேகம் கலைந்து வெயில் விழுந்தது. நீங்கள் குறிப்பிடும் இருபது நிமிடம் இப்படித்தான் சேர்ந்தது. அவர் பின்தங்கிவிட்டதால் வெயில் வந்து காப்பாற்றவில்லை. வெயில் வரும்வரை காத்திருக்கத் தேவையான உயரத்தை முன்கூட்டியே சேர்த்துவைத்துவிட்டுத்தான் பின்தங்கினார்.

அன்றைய மேகங்கள் பரவியதில் மர்மம் ஒன்றுமில்லை. மேலே ஓரிடத்தில் வெப்பநிலை குறைவதற்குப் பதில் கூடத் தொடங்கும் அடுக்கு ஒன்று மூடிபோல் அமைந்து, அதன் அடியில் காற்று ஈரமாக இருந்தால், எழும்பிவரும் திரள் மேகம் அதற்கு மேல் போக வழியின்றிப் பக்கவாட்டில் விரியும். பக்கத்து மேகத்தோடு சேர்ந்துகொள்ளும். தரை நிழலாகும், சூடு குறையும், தெர்மல்கள் ஓயும். ஊட்டம் நின்றுபோன மேகம் பின்னர் மெல்லக் கரைய, வெயில் மீண்டும் தரையைத் தொடும். அது சூடேறியதும் கதை முதலிலிருந்து தொடங்கும். இந்தச் சுழற்சி நாள் முழுவதும் நடக்கும். மேகங்களின் தலை தட்டையாகத் தொடங்குவதும், இடையிலுள்ள நீல வானம் குறுகுவதும், தரையில் வெயில் படும் பரப்பு பாதிக்கும் கீழே போவதும் உங்கள் கண்முன்னேதான் நடந்திருக்க வேண்டும். அவை தெரிந்த கணத்திலேயே பந்தயத்தின் இயல்பு மாறிவிட்டது. ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்பது கிளைடர் விமானிக்குப் பாதி நாளைக்குத்தான் பொருந்தும்: தெர்மல்கள் வலுவாகவும் நெருக்கமாகவும் இருக்கும்போது, கிடைத்த ஒவ்வொன்றிலும் நின்று தூற்றிக்கொண்டிருப்பவர் பட்டியலின் அடியில்தான் இருப்பார். வானம் மூடத் தொடங்கியதும் அதே விமானி, சற்று முன்பு ஏறெடுத்தும் பார்க்காத தெர்மலில் நின்றாக வேண்டும். இந்த இரண்டு போக்குகளும் எல்லோருக்கும் தெரியும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எப்போது தாவுவது என்பதில்தான் மாறும் வானிலைப் போட்டிகள் வெல்லப்படுகின்றன, தோற்கப்படுகின்றன.

எந்த வேகத்தில் பறப்பது என்று காட்டும், உங்கள் கிளைடரில் இருக்கும் மக்கிரெடி வளையத்தையோ, அதன் கணக்கைச் செய்யும் கணினியையோ இங்கே நினைவூட்டலாம். அதற்குப் பெயர் தந்த பால் மக்கிரெடி 1956 இல் பிரான்சின் சான்-யான் என்ற ஊரில் உலகப் பட்டம் வென்றவர். பின்னாளில், மனிதர் மிதித்தே ஓட்டிய விமானத்தால் 1979 இல் ஆங்கிலக் கால்வாய் கடக்கப்பட்டபோது அதை வடிவமைத்தவரும் அவரே. இரண்டு தெர்மல்களுக்கு இடையே எவ்வளவு வேகமாகப் பறக்க வேண்டும் என்பதை, அடுத்து கிடைக்கப்போகும் ஏற்றத்தின் வலுவைக் கொண்டு தீர்மானிப்பது அவருடைய கணக்கு. கடந்துபோன தெர்மலுக்கு அதில் இடமே இல்லை. நீங்கள் 2.5 என்று வைத்துப் பறந்தது, ஒரு மணி நேரத்துக்கு முந்தைய வானத்தின் எண். இத்தனைக்கும், வளையத்தில் வைக்கும் எண் கொஞ்சம் முன்பின் பிசகினால் சராசரி வேகத்தில் பெரிய இழப்பு வராது. எச்சரிக்கையாகப் பறப்பவர் சில நிமிடங்களை இழக்கிறார். துணிந்து பறந்து தவறியவர் அந்த நாளையே இழக்கிறார். திரையில் தெரியும் எண்ணை நம்பும் அளவுக்குக் கண்ணாடிக்கு வெளியே தெரியும் மேகத்தை நம்பாத பழக்கம் அண்மைக் காலத்தில் கூடிவருகிறது என்பது என் எண்ணம். உங்களை மட்டும் சொல்லவில்லை.

எல்லா மாற்றமும் இப்படிச் சுழன்று திரும்புவதில்லை. மேற்புறத்தில் உயர்ந்த கீற்று மேகங்கள் படர்ந்து வருமானால், அன்று காத்திருந்து பயனில்லை. வெயில் மங்கினால் மங்கியதுதான். அத்தகைய நாளில், தொடக்கக் கோடு திறந்தவுடன் கிளம்பிவிட வேண்டும். மற்றவர்களை முன்னே விட்டு, அவர்கள் வட்டமடிக்கும் இடங்களை அடையாளமாக வைத்துப் பின்னால் பிடிக்கும் தந்திரம் நல்ல நாட்களுக்கு உரியது. மழைத்தாரைகள் தெரிந்தால் அவற்றின் வெயில் பக்கமாகச் சுற்றிப்போக வேண்டும். நனைந்த இறக்கையின் சறுக்குத் திறன் வெகுவாகக் குறைந்துவிடும்.

குலுக்கல் சீட்டுக்கு வருகிறேன். ஒரு தனி நாளின் முடிவில் தற்செயலுக்குப் பங்கு உண்டு. நல்ல மேகம் ஒன்று நாம் போய்ச்சேரும் நேரத்தில் சாகிறதா, பிறக்கிறதா என்பது நம் கையில் இல்லை. ஆனால் குலுக்கலில் ஒரே ஆளுக்கு மீண்டும் மீண்டும் பரிசு விழுவதில்லை. பிரிட்டனின் ஜார்ஜ் லீ 1976 இல் ஃபின்லாந்திலும், 1978 இல் பிரான்சிலும், 1981 இல் ஜெர்மனியிலும் தொடர்ந்து மூன்று முறை, இறக்கை நீளத்துக்கு வரம்பில்லாத திறந்த வகுப்பின் உலகப் பட்டத்தை வென்றார். ஐரோப்பியக் கோடை வானம் எவ்வளவு நிலையற்றது என்பது அங்கே பறந்தவர்களுக்குத் தெரியும். ஒரு நாள்கூட முதலிடம் பெறாதவர் கோப்பையை வெல்வதும் விந்தையல்ல. நாள் முதலிடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் இடையே பெரும்பாலும் சில பத்துப் புள்ளிகளே இருக்கும். பலர் ஊர் திரும்பிய நாளில் வயலில் இறங்கியவர் இழப்பது நூற்றுக்கணக்கில்.

புள்ளிக் கணக்கும் தற்செயலைக் கண்டுகொள்ளாமல் விடுவதில்லை. சர்வதேச விதிகளின் 1000 புள்ளி முறையில், அந்த நாளின் மிகச் சிறந்த பறப்பே குறுகியதாக இருந்தால் அந்த நாளின் உச்சப் புள்ளியும் குறைந்துவிடும். அதிகத் தூரம் சென்றவரே 150 கிலோமீட்டர்தான் பறந்தார் என்றால், அன்றைக்கு உச்சம் 500 புள்ளி. பெரும்பாலோர் 100 கிலோமீட்டரைக்கூடத் தாண்டாவிட்டால் அது இன்னும் சரியும். வானம் அனைவரையும் ஏமாற்றிய நாளுக்கு மதிப்பு குறைவு; சிலரை மட்டும் ஏமாற்றிய நாளுக்கு முழு மதிப்பு. இந்த ஏற்பாடு எனக்குச் சரியாகவே படுகிறது. வட்டாரப் போட்டிகளின் விதிகள் நாட்டுக்கு நாடு சற்று வேறுபடும் என்றாலும் போக்கு இதுவே.

ரத்து செய்வதைப் பற்றி. பந்தயத் தடம் வகுக்கும் குழுவில் சில காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: காலையில் வானத்தைப் பார்த்து, முதல் திட்டம் பலிக்காவிட்டால் என்ன என்று குறுகிய இரண்டாவது தடத்தையும் மூன்றாவது தடத்தையும் கையில் வைத்துக்கொண்டுதான் அந்தக் குழு உட்காரும். வரிசையாக நிறுத்தப்பட்ட கிளைடர்களுக்கு முன்பாக ஒருவரை மேலே அனுப்பி, தெர்மல் எழுகிறதா என்று சோதித்த பிறகே மற்றவர்களை ஏற்றுவார்கள். இடிமேகங்கள் பரவலாக எழும் நாள், மேகத்தின் அடி மிகத் தாழ்ந்திருக்கும் நாள், அடியில் பத்திரமாக இறங்க வயல்கள் இல்லாத தடம், இவற்றைத் தயங்காமல் ரத்து செய்ய வேண்டும். மேகம் பரவும் நாளை ரத்து செய்ய வேண்டியதில்லை. அதற்கு ஒதுக்கப்பட்ட பரப்புப் பந்தயம் என்ற நல்ல வழி இருக்கிறது: திருப்பப் புள்ளிகளுக்குப் பதிலாகப் பெரிய வட்டப் பரப்புகளைத் தந்து, குறைந்தபட்ச நேரம் ஒன்றையும் நிர்ணயித்துவிட்டால், பரப்புக்குள் எவ்வளவு தூரம் போய்த் திரும்புவது என்பதை ஒவ்வொருவரும் தன் முன்னால் இருக்கும் வானத்தைப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம். உங்கள் போட்டியின் அமைப்பாளர்கள் அன்று நிலையான தடத்தை வைத்தது அவ்வளவு நல்ல தேர்வல்ல என்று நீங்கள் வாதிட்டிருந்தால், நான் உங்கள் பக்கம் நின்றிருப்பேன்.

வயலில் இறங்கியதைச் சொல்லும்போது உங்கள் கடிதத்தில் ஒரு கூச்சம் தெரிகிறது. அதற்குக் காரணமில்லை. 450 மீட்டருக்கு இறங்குமுன் வயலைத் தேர்ந்துவிட்டீர்கள்; 300 மீட்டரில் தெர்மல் தேடுவதை விட்டுவிட்டு, காற்றின் திசையைப் பார்த்து முறைப்படி சுற்றிவந்து இறங்கினீர்கள். அந்த உயரத்தில், ஏற்ற இறக்க வேகத்தைக் காட்டும் வேரியோமீட்டரின் ஊசி சற்றே துடித்தாலும் இன்னும் ஒரு சுற்று என்று ஆசைகாட்டும். போட்டிகளில் கிளைடர்கள் உடைவதும் அதைவிட மோசமானவை நேர்வதும் பெரும்பாலும் அந்த ஒரு சுற்றில்தான். புள்ளிப் பட்டியலை மறந்துவிட்டுப் பார்த்தால் அன்று நீங்கள் எடுத்த மிகச் சரியான முடிவு அதுவே.

கடைசியாக, தண்ணீர். இறக்கைகளில் 100 லிட்டருக்கும் மேல் சுமப்பது, அதே சறுக்கு விகிதத்தை அதிக வேகத்தில் பெறுவதற்காக. விலை, வட்டமடிக்கும்போது கொடுக்க வேண்டியிருக்கும்: கனத்த கிளைடர் அகன்ற வட்டத்தில்தான் சுற்றும், ஏற்றமும் மந்தமாகும். நொடிக்கு 2 மீட்டர் ஏற்றம் தொடர்ந்து கிடைக்கும் நாளில்தான் முழுத் தண்ணீர் லாபம் என்பது பலர் கைக்கொள்ளும் கணக்கு. வெளியேற்றிய தண்ணீர் திரும்பாது என்பதால் எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள். நீங்களும் வயலைத் தேர்ந்த பிறகே திறந்திருக்கிறீர்கள். மேகம் பரவி, ஏற்றம் 1.2 ஆகக் குறைந்த அந்தத் தெர்மலிலேயே வால்வைத் திறந்து, குறைந்தது பாதியையாவது விட்டிருக்கலாம் என்பது என் கருத்து. அடுத்த முறை அப்படிச் செய்யும்போது, உங்களுக்குக் கீழே அதே தெர்மலில் வேறு யாரும் வட்டமடிக்கவில்லை என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மேலிருந்து கொட்டும் தண்ணீரில் இறக்கை நனைந்துவிட்டால், மந்தமான தெர்மலில் ஏறுவது அவர்களுக்குப் பெரும்பாடாகிவிடும்.

அன்புடன்.