‘தேவையான அளவு’ என்றால் எவ்வளவு?

கேள்வி: மாங்கூழ் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். சீசனுக்கு வரும் புதிய ஆட்களுக்காக, பழத்தைக் கூழாக்கும் பல்பர் இயந்திரத்தைக் கழுவும் முறையை இரண்டு பக்கம் எழுதி அலுவலகப் பலகையில் ஒட்டினேன். யாரும் படிப்பதில்லை, என்னிடமே வந்து கேட்கிறார்கள். தாளின் நகலை இணைத்திருக்கிறேன். எங்கே தவறு?
– ஒரு வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: நல்லவேளை, யாரும் படிக்கவில்லை. ‘காஸ்டிக் சோடாவில் தேவையான அளவு தண்ணீர் ஊற்றிக் கலக்கப்பட வேண்டும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். தலைகீழ்! தண்ணீரில்தான் காஸ்டிக்கைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். மாற்றிச் செய்தால் சூடேறி முகத்தில் தெறிக்கும். கையுறை, கண்ணாடி அணியச் சொல்லும் வரியோ இரண்டாம் பக்கத்தின் அடியில் இருக்கிறது. அங்கே வந்து சேர்வதற்குள் கை வெந்திருக்கும். அந்த வரி காஸ்டிக் டப்பாவைத் தொடுவதற்கு முன்பே வர வேண்டும்.

‘தேவையான அளவு’ உங்களுக்குத் தெரியும். நேற்று பஸ்ஸில் வந்து இறங்கிய பையனுக்கு? டப்பாவின் மேலுள்ள அளவைப் பார்த்து, ‘நீல டிரம்மில் சிவப்புக் கோடு வரை தண்ணீர், இந்தக் கரண்டியால் இத்தனை’ என்று எழுதுங்கள். கோட்டை நீங்களே பெயிண்டால் போட்டுவிடுங்கள். அலுமினியப் பாத்திரம் மட்டும் வேண்டாம். காஸ்டிக் அதை அரித்துவிடும்.

அடுத்தது இந்த வரி: ‘மூடியைத் திறந்து, சல்லடையைக் கழற்றி, கழுவி மாட்ட வேண்டும், திறக்கும் முன் மெயின் சுவிட்ச் அணைக்கப்பட்டிருக்க வேண்டும்.’ படிப்பவன் முதல் இரண்டு சொல்லிலேயே மூடியைத் திறந்துவிடுவானே! திறந்து, கழற்றி, கழுவி என்று எச்சங்களைக் கோத்துக்கொண்டே போவது கதை சொல்ல அழகுதான். இங்கே வரிக்கு ஒரு வினைமுற்று போதும். மெயின் சுவிட்சை அணைக்கவும். பூட்டவும். சாவியைச் சட்டைப் பையில் வைக்கவும். பிறகு மூடியைத் திறக்கவும். ‘அணைக்கப்பட வேண்டும்’ என்றால் அடுத்தவர் அணைப்பார் என்றே ஒவ்வொருவரும் நினைப்பார்கள்.

உங்கள் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுபவர்கள் நிறைய. தமிழ் நன்றாகப் பேசினாலும், எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிலர் திணறலாம். சுவிட்சையும் சிவப்புக் கோட்டையும் படமெடுத்து ஒட்டுங்கள். ‘கூழ் பிரிப்பான்’ என்ற உங்கள் மொழிபெயர்ப்பை மன்னித்துவிடுகிறேன். ஆட்கள் பல்பர் என்றால் தாளிலும் பல்பர்தான்.

பெங்களூரா மாம்பழ லாரிகள் வாசலில் வரிசை கட்டுவதற்குள், புதிய தாளை ஒரு புது ஆளிடம் கொடுத்து, காஸ்டிக் இல்லாமல் வெறும் தண்ணீரில் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்காமல் பக்கத்தில் நில்லுங்கள். அவர் எந்த இடத்தில் உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ, அந்த வரியைத் திருத்துங்கள். திருத்திய தாளை லேமினேட் செய்து பல்பருக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டுங்கள். பழையதை இன்றே கிழித்துவிடுங்கள்.