நெஞ்சு அடைத்தால் நேரே ஜிப்மருக்கா?

கேள்வி: கடலூர் முதுநகரில் இருக்கிறோம். அப்பாவுக்கு 58 வயது, கருவாட்டு வியாபாரம். போன வாரம் ராத்திரி நெஞ்சை அடைக்கிறது என்றார், வேர்த்துக் கொட்டியது. கோலி சோடா குடித்ததும் சரியாகிவிட்டது. பிரஷர் மாத்திரையை நிறுத்தி ஆறு மாதம் ஆகிறது. மறுபடி வந்தால் காரில் நேரே புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாமா?

பதில்: மறுபடி வரட்டும் என்று இருக்காதீர்கள். இன்றைக்கே கூட்டிப்போய் இ.சி.ஜி. எடுங்கள். வேர்த்ததை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். இ.சி.ஜி. சரியாக இருந்தாலும் இதயத்தசை பாதித்திருக்கிறதா என்று காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். சோடா குடித்துத்தான் சரியானது என்று நம்ப வேண்டாம். ரத்தக்குழாய் சற்று அடைத்துத் திறந்தாலும் வலி இப்படித்தான் வந்து போகும். "கேஸ்தான்" என்று துண்டால் வேர்வையைத் துடைத்துக்கொண்டு விடியும்வரை கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருப்பவர்கள்தான் என் பெரிய கவலை.

ஜிப்மர் நல்ல இடம், சந்தேகமில்லை. ஆனால் அது இருக்கும் கோரிமேடு உங்களுக்கு 20 கிலோமீட்டருக்கு மேல். அரியாங்குப்பம், மரப்பாலம் நெரிசலைத் தாண்டவேண்டும். அடைப்பு நீடிக்கும் ஒவ்வொரு நிமிடமும் இதயத்தசை செத்துக்கொண்டிருக்கும். அதனால் 108-ஐ அழையுங்கள். பக்கத்தில் இ.சி.ஜி. எடுக்கும் இடத்துக்கு முதலில் போங்கள். அங்கிருந்து எங்கே அனுப்புவது என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். மஞ்சக்குப்பம் அரசு மருத்துவமனையில் ராத்திரியில் என்னென்ன வசதி உண்டு என்று பகலிலேயே விசாரித்து வையுங்கள். தமிழக அரசு 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்து அனுப்புகிறார்கள்: ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின். இந்தப் பெயர்களைப் பார்த்துவிட்டு நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

1990-இல் இந்தியாவில் நேர்ந்த மரணங்களில் 15.2 சதவீதம் இதய, ரத்தக்குழாய் நோய்களால் வந்தவை. 2016-இல் அது 28.1. இத்தனை பேருக்கும் ஸ்டென்ட் வைத்தே சமாளிக்க எந்த நாட்டாலும் முடியாது. உங்கள் அப்பா நிறுத்தினாரே அந்த மாத்திரை, அதற்குத்தான் இங்கே பெரிய வேலை. பிரஷர் ஏறினால் பெரும்பாலும் உடம்பில் எதுவும் தெரியாது. தெரியாததால்தான் நிறுத்திவிடுகிறார்கள். எதை, எந்த அளவில் திரும்பத் தொடங்குவது என்பதை டாக்டர் சொல்லட்டும். பிறகு தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பதிந்தால் மாத்திரை வீட்டுக்கே வரும்.

அப்புறம் கருவாடு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் உப்பு 5 கிராமுக்குள், ஒரு தேக்கரண்டி. வியாபாரம் தாராளமாகச் செய்யட்டும், தட்டில்தான் குறைக்கவேண்டும்.

"எனக்கு ஒண்ணுமில்லை" என்று வர மறுப்பார். பிரஷர் பார்க்கத்தான் என்று சொல்லிக் கூட்டிப்போங்கள்.