மகள் கெம்ரியில் சேரலாமா? மொம்பாசா தாய்க்கு ஒரு பதில்

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

மகள் நைரோபியில் பி.எஸ்சி. உயிர்வேதியியல் முடிக்கப்போகிறாள், கெம்ரியின் கிலிஃபி ஆய்வு மையத்தில் பயிற்சிக்குப் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள் என எழுதியிருக்கிறீர்கள். "மனுஷங்களை வச்சு மருந்து சோதனை பண்ற இடமாமே" என்பது உங்கள் பயம். ஊருக்கு அனுப்பி ஆறு மாத டிப்ளமோ ஒன்றில் சேர்த்துவிடலாம் என்பது உங்கள் கணவரின் யோசனை. அந்த யோசனையை முதலில் ஒதுக்கிவைத்துவிடலாம். "கிளினிகல் ரிசர்ச்" என்று பெயர் போட்டு லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் குறுகிய காலப் படிப்புகளை நம்பிப் பணம் கட்டியவர்கள் பலரை எனக்குத் தெரியும். உண்மையான ஆய்வு நடக்கும் இடம் உங்கள் வீட்டிலிருந்து வடக்கே 60 கிலோமீட்டரில் இருக்கும்போது அதைப் பற்றிய வகுப்புக்காகக் கடல் தாண்ட வேண்டியதில்லை.

கெம்ரி என்று எல்லோரும் சொல்லும் கென்ய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் 1979இல் தொடங்கப்பட்ட அரசு அமைப்பு. தலைமையகம் நைரோபியில். கிலிஃபி மையம் 1989இல் கெம்ரியும், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகமும், பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து உருவாக்கியது. அந்த ஊர் அரசு மருத்துவமனையை ஒட்டியே இருக்கிறது. வார்டில் படுத்திருக்கும் குழந்தையின் காய்ச்சல்தான் அங்கே ஆய்வுப்பொருள்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். அது நியாயமான பயம்தான். கிலிஃபி கிராமங்களிலேயே "ரத்தம் எடுத்து என்ன செய்கிறார்கள்?" என்ற சந்தேகமும் வதந்தியும் நெடுநாள் உலவின. ஆனால் ஒரு மருந்தையோ சிகிச்சையையோ முறையாகச் சோதிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் அதே கிலிஃபியைச் சேர்ந்த கதை ஒன்று உண்டு.

கடும் காய்ச்சலும் ரத்த ஓட்டக் குறைவுமாக வரும் குழந்தைக்கு நரம்பு வழியாக மளமளவென்று திரவம் ஏற்ற வேண்டும் என்பது பணக்கார நாடுகளின் பாடப்புத்தகம். ஆப்பிரிக்க மருத்துவமனைகளில் வசதி இல்லாததால்தான் அதைச் செய்வதில்லை, செய்தால் பல உயிர்கள் பிழைக்கும் என்றே பலரும் நினைத்தார்கள். கிலிஃபியில் பணியாற்றிய கேத்ரின் மெய்ட்லண்ட் என்ற குழந்தை மருத்துவரின் தலைமையில் 2009இல் தொடங்கிய 'ஃபீஸ்ட்' ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. கென்யா, உகாண்டா, தான்சானியாவில் ஆறு மருத்துவமனைகள், 3,141 குழந்தைகள். வேகமாகத் திரவம் ஏற்றப்பட்ட குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் 10.5 பேர் 48 மணி நேரத்துக்குள் இறந்தார்கள். அப்படி ஏற்றாத குழந்தைகளில் 7.3 பேர். ஆய்வு நடத்துபவர்களுக்கு வெளியே நின்று கணக்குகளைப் பார்க்கும் பாதுகாப்புக் கண்காணிப்புக் குழு ஒன்று உண்டு. அது சொன்னதும் 2011 ஜனவரியில் ஆய்வுக்கு ஆள் சேர்ப்பதை நிறுத்தினார்கள். (வயிற்றுப்போக்கால் நீர் வற்றிய குழந்தைகள் இந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. அவர்களுக்குத் திரவம் கொடுக்கத்தான் வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் யாராவது தப்பாக எடுத்துக்கொள்வார்கள்.)

நல்லது என்று எல்லோரும் நம்பிய வைத்தியம் குழந்தைகளைக் கொன்றுகொண்டிருக்கலாம். எண்ணிப் பார்த்தவர்களுக்குத்தான் அது தெரிந்தது. அந்த எண்ணும் வேலையைத்தான் உங்கள் மகள் கேட்கிறாள்.

அதே ஆய்வில் இன்னொரு சங்கடமும் இருந்தது. மூச்சு வாங்கும் குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாயிடம் பக்கம் பக்கமாகப் படிவத்தை நீட்டினால் அவளுக்கு என்ன புரியும்? அதனால் அவசரத்தில் சுருக்கமாகச் சொல்லி வாய்மொழிச் சம்மதம், குழந்தை நிலைப்பட்ட பிறகு முழுவதும் விளக்கி எழுத்துச் சம்மதம் என்று நெறிமுறைக் குழுக்களின் அனுமதியோடு வழி வகுத்தார்கள். சாதாரண ஆய்வுகளில் எல்லாம் முன்கூட்டியேதான். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் தாளை அவர் மொழியில் வாசித்துக் காட்டி, ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முன்னிலையில் கைநாட்டு வாங்க வேண்டும். வேண்டாம் என்று பாதியில் விலகினாலும் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது.

இங்கேதான் உங்கள் மகளுக்கு ஒரு பெரிய சாதகம் இருக்கிறது. மொம்பாசாவில் வளர்ந்த பிள்ளை, சுவாஹிலி தண்ணீர்பட்ட பாடு. கிலிஃபி கிராமங்களில் பேசும் கிரியாமா மொழியும் ஓரளவு புரியும் என்கிறீர்கள். லண்டனிலிருந்து வரும் முனைவருக்குக் கிடைக்காத தகுதி இது. உள்ளூர் மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளோடு அந்த மையம் தொடர்ந்து கூட்டம் நடத்துகிறது. 2000ஆம் ஆண்டிலிருந்து சுமார் மூன்று லட்சம் பேர் வாழும் பகுதியில் வீடு வீடாகப் போய்ப் பிறப்பு, இறப்பு, குடிபெயர்வைப் பதிவு செய்கிறது. மொழி தெரியாதவர் அங்கே அரை ஆள்தான்.

வேலைகள் என்று பார்த்தால் டாக்டர், நர்ஸ், ஆய்வக ஆட்கள் தவிர ஆய்வு ஒருங்கிணைப்பாளர், தரவு மேலாளர், புள்ளியியலாளர், மருந்தாளர், தரக் கண்காணிப்பாளர், களப்பணியாளர் என்று பட்டியல் நீளும். ஒரு விஷயத்தை மட்டும் இப்போதே விசாரிக்கச் சொல்லுங்கள். நோயாளியின் மாதிரியைச் சோதித்து முடிவில் கையெழுத்திட கென்யாவின் மருத்துவ ஆய்வக வாரியத்தில் பதிவு வேண்டும். உயிர்வேதியியல் பட்டம் மட்டும் அதற்குப் போதாமல் போகலாம். ஆராய்ச்சி ஆய்வகமும் தரவுப் பிரிவும் அவளுக்குச் சுலபமாகத் திறக்கும் கதவுகள்.

அவளுக்கு இந்த வேலை ஒத்துவருமா என்று பார்க்க நான் மாணவர்களிடம் ஒரு சின்ன விஷயத்தைத்தான் சொல்வேன். குழந்தையின் உடல் வெப்பம் 38.6, படிவத்தில் கை தவறி 36.8 என்று எழுதிவிட்டாய். என்ன செய்வாய்? ஒயிட்னர் கூடாது, கிறுக்கக் கூடாது, தாளைக் கிழித்து வேறு எழுதவே கூடாது. தவறான எண் கீழே தெரியும்படி ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சரியான எண், உன் சுருக்கக் கையெழுத்து, தேதி. ஐந்து வருடம் கழித்து ஒரு தணிக்கையாளர் வந்து பார்த்தாலும் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று தெரிய வேண்டும். அப்புறம் மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியின் வெப்பநிலையைத் தவறாமல் குறிப்பது, தடுப்பூசி போட்ட பிள்ளைக்கு ஏதாவது தீவிரமாக நடந்தால் உடனே அறிக்கை அனுப்புவது. இதைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்களை நான் அனுப்புவதில்லை. கண்டுபிடிப்பு, நோபல் என்று கனவோடு வருகிறவர்கள்தான் சீக்கிரம் சலித்துப்போகிறார்கள்.

பலன் வராமல் போகாது, நாளாகும். ஆர்.டி.எஸ்.எஸ். மலேரியா தடுப்பூசியின் மூன்றாம் கட்டச் சோதனை 2009இல் தொடங்கியது. ஏழு நாடுகளில் பதினோரு மையங்கள். கென்யாவில் மூன்று, அதில் ஒன்று கிலிஃபி. உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைத்தது 2021 அக்டோபரில். அடுத்து வந்த ஆர்21 தடுப்பூசியின் சோதனையிலும் கிலிஃபி இருந்தது. 2023இல் பரிந்துரை பெற்ற அது தயாராவது நம் புனேயில். உறவினர்கள் "என்ன வேலை?" என்று கேட்டால் சொல்ல ஒரு விஷயம் கிடைத்ததா!

அங்கிருந்து மேலே போனவர் என்று ஒருவரைச் சொல்வதானால் ஃபெய்த் ஒசியர். கென்யப் பெண், கிலிஃபி மருத்துவமனையில் டாக்டராக இருந்து மலேரியா எதிர்ப்புச்சக்தி ஆராய்ச்சிக்குள் வந்தவர். உலக நோயெதிர்ப்பியல் சங்கங்களின் கூட்டமைப்புக்குத் தலைவரான முதல் ஆப்பிரிக்கர். எல்லோரும் அப்படி ஆகப்போவதில்லை, சரி. ஆனாலும் பாதை இருக்கிறது. கிலிஃபியிலேயே உள்ள புவானி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இந்த மையம் நடத்தும் சுகாதார ஆய்வு முறைகள் முதுநிலைப் பட்டயப் படிப்பு, அப்புறம் எம்.எஸ்சி., முனைவர் பட்டம்.

நிரந்தரமா என்று கேட்டீர்கள். இல்லை. மறைக்க ஒன்றுமில்லை. இத்தகைய மையங்களில் பெரும்பாலான பணிகள் ஒரு குறிப்பிட்ட ஆய்வின் நிதியில் ஓடும் ஒப்பந்த வேலைகள். 2025 தொடக்கத்தில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது ஆப்பிரிக்காவில் பல ஆய்வுகள் நடுவழியில் நின்றன. நல்ல வேலைக்காரர்களும் வீட்டுக்குப் போனார்கள். ஆகவே எந்த நேர்காணலிலும் சம்பளத்துக்கு முன்னால் அவள் கேட்க வேண்டியது, "இந்த ஆய்வுக்கு நிதி எந்தத் தேதி வரை?" என்பதுதான். இரண்டு ஆய்வுகளில் வேலை பார்த்த தரவு மேலாளருக்கு மூன்றாவது கிடைப்பது அவ்வளவு கஷ்டமில்லை என்பதும் உண்மை.

அவள் இந்தியப் பாஸ்போர்ட்டில் உங்களைச் சார்ந்தவளாக இருக்கிறாளா, கென்யக் குடியுரிமை பெற்றவளா என்று நீங்கள் எழுதவில்லை. முன்னது என்றால் சார்ந்திருப்போர் அனுமதியை வைத்துச் சம்பள வேலை செய்ய முடியாது. பயிற்சிக்கும் தனி அனுமதி வாங்க வேண்டும். இதில் மாதக்கணக்கில் நாள் போகும், விண்ணப்பத்துக்கு முன்பே குடிவரவு அலுவலகத்தில் கேளுங்கள். ஆய்வகத்தில் ஊசி குத்தும் அபாயம் உண்டு, ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியைச் சேருவதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.

தேர்வு முடிந்து அவள் வீட்டில் சும்மா இருக்கும் வாரங்களில் நல்ல மருத்துவ ஆய்வு நடைமுறை பற்றிய இணைய வகுப்பை முடிக்கச் சொல்லுங்கள். ஜி.சி.பி. என்பார்கள். குளோபல் ஹெல்த் நெட்வொர்க் என்ற இணையதளத்தில் இலவசம், சான்றிதழும் தருகிறார்கள். எக்செல் தாண்டி 'ஆர்' (R) என்ற புள்ளியியல் மென்பொருளைக் கொஞ்சம் தொட்டுப் பார்க்கட்டும். பயிற்சி விண்ணப்பத்தில் தன்னைப் பற்றி எழுதும் கடிதத்தை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், திருத்தித் தருகிறேன். சுவாஹிலி, கிரியாமா இரண்டையும் முதல் பத்தியிலேயே குறிப்பிடட்டும்.